பின்பக்கம் இல்லாத மலை

நம் பள்ளியின் பொன்விழா மலரில் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு புகைப்படம் இருக்கிறது. நடுவில் ரயில்வே அதிகாரி, கழுத்தில் சந்தன மாலையோடு. அவருக்கு வலப்பக்கம் பள்ளிச் செயலாளர். இடப்பக்கம் கைத்தொழில் சார், மடிப்புக் கலையாத புதுச் சட்டையில். பின்னால் ஒரு பொம்மை மலை. முன்னால், அதில் ஓடும் ரயிலின் சொந்தக்காரப் பையனும் அவனுடைய அம்மாவும். ஓரத்தில் பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்பது நான். இவர்கள் இருந்தவர்கள். இல்லாதவர்கள் இரண்டு பேர். எங்கள் வகுப்புத் தோல் பட்டறைக்காரர் மகன் அந்த மலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான், ஆகவே படத்தில் விழவில்லை. என் அப்பா பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பூக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

படத்துக்குக் கீழே போட்டிருக்கும் வரி: ‘கைத்தொழில் ஆசிரியரின் வழிகாட்டலில் மாணவர்கள் உருவாக்கிய மலைப்பாதை ரயில்.’

ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களே, உங்களில் பாதிப் பேருக்கு இது பொய் என்று தெரியும். மீதிப் பேருக்குத் தெரியட்டும் என்றுதான் முன்னாள் மாணவர் சங்க இதழுக்கு இதை எழுதுகிறேன். ‘இனிய நினைவுகளை எழுதி அனுப்புங்கள்’ என்று கேட்டிருந்தீர்கள். என்னிடம் இருப்பது இதுதான். இனிப்பு போதவில்லை என்றால் மன்னிக்க வேண்டும்.

மலரை அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தார். மனிதர்களைப் பார்க்கவில்லை. மலையில் இடது ஓரத்துச் சரிவில் நகத்தை வைத்து, “இங்கன ஒரு வெடிப்பு இருந்துச்சு, அடைச்சேன். தெரியலல்லா?” என்றார். தெரியவில்லை. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

அப்பாவுக்கு அப்போது பம்பாய் செம்பூரில் ஒரு சினிமா ஸ்டுடியோவில் மோல்டிங் வேலை. தாராவியிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பிப் போவார். தூண், சிலை, கோட்டைச் சுவர், அருவிப் பாறை, எல்லாம் பி.ஓ.பி. என்கிற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவிலும் கோணியிலும் செய்வது. வீட்டுக்கு வரும்போது காதுமடலில், புருவத்தில், நகக்கண்ணில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். அம்மா அவரைத் துணிக்கொடிக்குப் பக்கத்தில் வரவிடமாட்டாள்.

ஒருமுறை என்னையும் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். அரண்மனை ஒன்று நின்றது. தங்க வாசல், யானைத் தலைகள். பக்கவாட்டில் நாலடி நடந்ததும் அரண்மனை முடிந்துவிட்டது. பின்னால் மூங்கில், ஆணி, கோணி, அதன் நிழலில் ஒருவர் டப்பாவைத் திறந்து சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஏமாந்த முகத்தோடு நின்றதைப் பார்த்து அப்பா சொன்னதை இன்னும் சொல்ல முடியும். காமிரா பார்க்காத இடத்தில் ஒரு கை மாவு பூசினாலும் அது முதலாளி வீட்டில் திருடினதுபோல என்றார். அவர்கள் தொழிலில் அது தர்மம். காமிரா எங்கே நிற்கும் என்று முதலில் கேட்பது, அது பார்க்கும் பக்கத்தை உயிரைக் கொடுத்துச் செய்வது, பார்க்காத பக்கத்தைத் தொடாமல் விடுவது.

ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டுங்காவிலேயே வீடு உள்ள பையன் ஒருவனுக்கு அவனுடைய சித்தப்பா ஜெர்மனியிலிருந்து அனுப்பிய ரயில் அது. நம் விரல் நீளத்துக்குப் பெட்டிகள், உள்ளே விளக்கு எரியும் என்ஜின். அதைத் தொட்டுப் பார்க்க ஒரு ஆளுக்கு ஒரு நெல்லிக்காய் என்று அவன் வசூலித்தது உங்களுக்கு மறந்திருக்காது. ஆண்டு விழாக் கண்காட்சிக்கு அந்த ரயிலை, பூனா போகும் வழியில் கர்ஜத்திலிருந்து கண்டாலா ஏறுகிற மாதிரி மலையில் ஓடவிட வேண்டும் என்பது செயலாளரின் ஆசை. தலைமை விருந்தினர் ரயில்வே அதிகாரி அல்லவா. ஃபோர்ட்டில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வெளிநாட்டு மலை விலை கேட்டுவிட்டு வந்த கைத்தொழில் சார் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. பள்ளி அவருக்குக் கொடுத்திருந்தது ஐம்பது ரூபாய்.

மூன்றாம் நாள் என்னைத் தனியே கூப்பிட்டார். உங்க அப்பா சினிமாவில் மலை செய்கிறவராமே என்றார். அதுவரை என் அப்பா என்ன செய்கிறார் என்று அந்தப் பள்ளியில் ஒருவரும் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“மலை மட்டும் நல்லா வரட்டும். உன் ஃபார்மை நானே செயலாளர் கையில குடுத்து சைன் வாங்கறேன்” என்றார்.

ஃபார்ம் என்றால் என்னவென்று அந்தப் பள்ளியில் ஃபீஸ் கட்டிப் படித்தவர்களுக்குத் தெரியாது. என்னைப் போன்ற நாலைந்து பேர் இலவசத்தில் படித்தோம். ஏழாவது வரைக்கும்தான் அந்தச் சலுகை. எட்டாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் வேண்டுமானால் செயலாளர் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். தாராவியில் எங்கள் பக்கத்து முனிசிபல் தமிழ்ப் பள்ளியும் ஏழாவதோடு சரி. கையெழுத்து விழாவிட்டால் என் படிப்பு அந்த ஏப்ரலில் முடியும். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் ஒருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஏழாவது வந்ததே தாமிரபரணியை நீந்திக் கடந்ததுபோலத்தான். இன்னும் மூன்று வருடம் என்பது அந்த மலையின் மேல் இருந்தது.

அப்பா மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தார். கூலி பேசவில்லை. கைத்தொழில் அறைத் தரையில் எட்டடிக்கு நாலடிப் பலகையைப் போட்டு, தண்டவாளத்தைச் சுற்றி மூங்கில் பிளாச்சால் எலும்பு கட்டினார். அதற்கு முன் சாரைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நானும் தோல் பட்டறைக்காரர் மகனும் பக்கத்தில் நின்றிருந்தோம்.

“சார், ஆளுவ எங்கன நின்னு பாப்பாவ?”

“முன்னாடிதான். டேபிளை செவுத்தோரமா போட்டுடுவோம். வண்டி குகைக்குள்ள கவுந்தா கை விட்டு எடுக்கணும், ஒரு பையன் நிக்கற அளவுக்குப் பின்னாடி இடம் இருக்கும்.”

“அப்ப பின்பக்கம் தொறந்தே கெடக்கட்டுமா?”

“பின்பக்கம் வேண்டவே வேண்டாம்ப்பா. அம்பது ரூபாய்க்குள்ள முடியணும், அவ்வளவுதான்.”

இந்தச் சொற்களை நான் ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நாற்பத்தாறு ரூபாயில் முடிந்தது. எப்படி என்று கேட்டால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது. கணபதி சிலை செய்கிற ஒருவரிடம் சீசனில் மிஞ்சிய மாவு மூட்டையை, ஓரம் ஈரம் பட்டது என்று சொல்லி, அப்பா பாதி விலைக்கு வாங்கினார். ஈரம் பட்ட மாவு சரியாக இறுகாது. ஒவ்வொரு கிண்ணமாக எடுத்துக் கரைத்துப் பார்த்து, இறுகுவதை ஒரு பக்கம், இறுகாததை ஒரு பக்கம் பிரித்தார். கிழிந்த கோணிகளைச் சாண் அகலத்துக்கு வெட்டியது நாங்கள். எலும்புக்கு நடுவே திணித்தது பழைய பேப்பர். மாவில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் மாவைத் தூவ வேண்டும். தூவிக்கொண்டே போனால் தண்ணீருக்கு நடுவில் சின்னத் தீவு மாதிரி மாவு தலை தூக்கும். அதுவரை கலக்கக் கூடாது. கலக்கியதும் கோணியை முக்கி எடுத்து எலும்பின் மேல் போர்த்துவார். ஈரக் கோணி நாற்றமும் சுண்ணாம்பு நாற்றமும் சேர்ந்து அறையில் நிற்கும். இறுகும்போது அது சூடாகும், அறிந்தவர்கள் அறிவார்கள். கன்னத்தை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றி போல இருந்தது அந்த மலை.

வெள்ளை மாவில் செய்து மேலே வண்ணம் அடித்தால் ஒரு கீறல் விழுந்தாலும் பல்லைக் காட்டும். அதனால் மாவிலேயே செங்கல் பொடியும் டீக்கடையில் காய்ந்த டீத்தூளும் கலந்தார். பாறை பாறையாகவே வந்தது. புல்லுக்கு மரத்தூள். அதற்குப் பச்சைச் சாயம் கொண்டுவந்தது தோல் பட்டறைக்காரர் மகன். தோலுக்குப் போடுகிற சாயம் அது. நிறம் அருமையாக இருந்தது, நாற்றம்தான் குடலைப் பிடுங்கியது. ரயில்காரப் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு, “கண்டாலாவில் இப்படி நாறாது” என்றான்.

“நீ கண்டாலாவுக்கு ஜன்னல மூடிட்டுப் போயிருப்ப” என்றான் பட்டறைக்காரர் மகன்.

இவனும் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரன்தான். ஒல்லி. மலைக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கக்கூடியவன் வகுப்பிலேயே இவன் ஒருவன் என்பதால் குகைக்குள் கவிழும் பெட்டிகளை எடுத்து வைக்கும் பொறுப்பு இவனுக்கு.

சார் மூன்று ஞாயிறும் வந்தார். அதை நான் மறுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். பதினோரு மணிக்கு டீ வரும், ஒரு கிளாஸ்.

கண்காட்சி அன்று காலை நாங்கள் மலையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனால் சுவரோரம் இடமில்லை. விழாவுக்கு நன்கொடை கொடுத்த காப்பித்தூள் கடைக்காரருக்குச் செயலாளர் அந்த இடத்தைக் கொடுத்துவிட்டார். பேனர் கட்டி, மெஷின் வைத்து, ஹால் முழுக்கக் காப்பி மணம். செயலாளர் கையைத் தட்டிக்கொண்டே வந்து, மலையை ஹாலின் நடுவில் போடச் சொன்னார். நாலு பக்கமும் சுற்றி வந்து பார்க்கலாமே என்றார். சார், “பேஷா போடலாம்” என்றார்.

நான் சாரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பின்பக்கம், சார் என்றேன். சும்மா இருடா என்றார். தோல் பட்டறைக்காரர் மகன், ஓடிப்போய் வீட்டிலிருந்து கறுப்புத் துணி கொண்டுவருகிறேன், பின்னால் கட்டிவிடலாம் என்றான். இது என்ன நாடகக் கொட்டகையா என்று கேட்டார் சார். அதற்குள் வாசலில் மேளம் கேட்டுவிட்டது.

அதிகாரி நல்ல மனிதர். இதையும் சொல்லிவிட வேண்டும். முன்னால் நின்று, ரயில் வளைந்து ஏறிக் குகைக்குள் போய் விளக்கோடு வெளியே வருவதைப் பார்த்துக் குழந்தை மாதிரிச் சிரித்தார். கை தட்டினார்கள். யார் செய்தது என்று கேட்டார். செயலாளர் சாரின் தோளில் கை வைத்து, எல்லாம் நம்ம சார் ஐடியா, பையன்கள் செய்தார்கள் என்றார். சார் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம். நாற்பத்தோராம் பக்கத்துப் படம் எடுத்தது அந்த நிமிடத்தில்தான்.

பிறகு அதிகாரி, மலைக்கு அந்தப் பக்கம் என்ன ஸ்டேஷன் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே சுற்றி வந்தார். கூட்டமும் கூடவே வந்தது.

அந்தப் பக்கம் மூங்கில் இருந்தது. கோணி தொங்கியது. திணித்த பேப்பரில் ஒரு பனியன் கம்பெனி விளம்பரம், இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு ஆள். நடுவில் தோல் பட்டறைக்காரர் மகன், முழங்கை வரை மலைக்குள் கையை விட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றான். கடைசிப் பெட்டி கவிழ்ந்திருந்தது. ஹால் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார், ஆனால் அது வேறு சிரிப்பு. அவன் தோளைத் தட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

செயலாளர் சிரிக்கவில்லை. சாரைத் திரும்பிப் பார்த்து, என்ன சார் இது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“அது இவனோட அப்பா செஞ்சது சார். சினிமா செட் வேலைக்காரர். நானும் சொல்லிப் பார்த்தேன், அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டார்” என்று என்னைக் காட்டிச் சொன்னார் சார்.

முன்னால் நின்று பார்க்கும்வரை அது சார் செய்த மலை. பின்னால் வந்ததும் என் அப்பா செய்த மலை.

“நீங்கதான சார் பின்பக்கம் வேண்டவே வேண்டாம்னு சொன்னிய?” என்றான் தோல் பட்டறைக்காரர் மகன். கை இன்னும் மலைக்குள்தான் இருந்தது. சார் அவன் காதைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். உங்களில் பலர் அதைப் பார்த்தீர்கள்.

செயலாளர் என்னைக் கேட்டார், “யார்டா செஞ்சது?”

நான் “அப்பா” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் பாதியை. என் ஃபார்ம் சாரின் மேஜை டிராயரில் இருந்தது. பன்னிரண்டு வயது என்று நீங்கள் எனக்காகச் சமாதானம் சொல்லலாம். அவனுக்கும் பன்னிரண்டு வயதுதான்.

பெற்றோருக்கு ஆளுக்கு இரண்டு பாஸ் கொடுத்தார்கள் அல்லவா. எனக்குரியதை, உங்க அப்பாவுக்கு வேலை நாள்தானே என்று சொல்லி சார் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார். அப்பா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வாசல் காவல்கார பையா பாஸ் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டான். சாயங்காலம் வெளியே வந்தபோதுதான் பூக்கடை ஓரம் அவரைப் பார்த்தேன். எப்படியிருந்தது என்று கேட்டார். நல்லா இருந்துச்சு என்றேன். தாராவி வரை நடந்தே வந்தோம். அந்த ஒரு மைலும் அதிகாரி என்ன சொன்னார், குகை வாயைப் பார்த்தாரா என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் சொன்னேன்.

மலையைக் கைத்தொழில் அறை மூலையில் தள்ளிவைத்தார்கள். அடுத்த மழையில் ஜன்னல் ஒழுகி, பியூன் அதைச் சுத்தியலால் உடைத்து மூட்டை கட்டிப் போட்டதாகக் கேள்விப்பட்டேன். ரயில் அதன் சொந்தக்காரனோடு அமெரிக்கா போய்விட்டது. புகைப்படம் ஒன்றுதான் மிச்சம்.

கண்காட்சிக்கு அடுத்த புதன்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். எதற்கென்று அப்பாவுக்குத் தெரியாது. ஃபார்மில் கையெழுத்து வாங்கத்தான் என்று நினைத்து, மறுபடியும் அதே சலவைச் சட்டை. செயலாளர் அறையில் மின்விசிறிக்குக் கீழே அவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் சார். எங்களுக்கு நாற்காலி இல்லை என்பதில்லை, இருந்தது, உட்காரச் சொல்லவில்லை.

செயலாளர் நிதானமாகப் பேசினார். பள்ளிக்கு ஒரு பெயர் இருக்கிறது, சீஃப் கெஸ்ட் முன்னால் தலைகுனிவு, அரைகுறை வேலை, பையன் வேறு தன் கைவேலை என்று காட்டியிருக்கிறான். போகட்டும், சலுகையை நிறுத்தும் எண்ணம் தனக்கில்லை. பையன் ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு அசெம்பிளியில் படித்துவிடட்டும். கடிதம் சார் எழுதி வைத்திருக்கிறார்.

அப்பா சாரைப் பார்த்தார். “செவுத்தோரமா போடுவோம்னு சொன்னியளே சார். செவுத்தப் பாத்த பக்கத்துக்கு எதுக்கு மாவு? நான் கேட்டம்லா?”

“அப்படி எதுவும் பேசினதா எனக்கு ஞாபகம் இல்லைப்பா” என்றார் சார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

“சுவத்த நான்தானே காப்பித்தூள்காரருக்குக் குடுத்தேன். அதெல்லாம் இப்ப எதுக்கு? பையனோட எதிர்காலத்தைப் பாருப்பா” என்றார் செயலாளர். அப்படியே சொன்னார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைக்கவில்லை.

அப்பா கடிதத்தை வாங்கி என்னிடம் கொடுத்து, வாசி என்றார்.

நான் வாசித்தேன். கண்காட்சியில் நேர்ந்த குறைக்காக வருந்துகிறேன், இனி இவ்வாறு நடக்காது, இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன். நிறுத்தினேன்.

அப்பா தாளை எட்டிப் பார்த்தார். அவருக்கு அது வெறும் மைக்கோடு. ஆனால் எவ்வளவு மை என்று தெரியும்.

“இம்புட்டு எழுத்துக்கு இம்புட்டுதான் சத்தமா? நடுவுல நாலு வரிய முழுங்கிட்டலே. எல்லாத்தையும் வாசி.”

வாசித்தேன். ‘என் தந்தை போதிய பொறுப்பின்றியும், செலவை மிச்சம் பிடிக்கும் நோக்கத்தோடும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டார். அதை மறைத்து, மாணவர் கைவேலை என்று காட்டியது என் குற்றம். என் தந்தையின் சார்பிலும் மன்னிப்புக் கோருகிறேன்.’ கைத்தொழில் சாரின் கையெழுத்து அச்சுக் கோர்த்ததுபோல அழகாக இருந்தது.

சார் பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார். நான் வாங்கினேன். வாங்கினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். தாளில் முனையை வைத்தும்விட்டேன். அங்கே ஒரு நீலப் பொட்டு விழுந்தது.

“பேனாவ மூடுலே” என்றார் அப்பா.

“அவசரப்படாதேப்பா. இது இல்லேன்னா ஃபீஸ் கட்டணும், தெரியுமோல்லியோ?” என்றார் செயலாளர்.

“எம்புட்டுன்னு சொல்லுங்க.”

மாதம் முப்பத்தைந்து ரூபாய் என்றார் செயலாளர். அப்பா அங்கேயே நின்றபடி விரல்களை மடக்கிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து முன்பணமாகப் பத்து ரூபாயை எடுத்து மேஜைமேல் வைத்து, ரசீது கேட்டார். அந்த வாரத்திலிருந்து அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்ததில்லை. செம்பூரிலும் மான்குர்த்திலும் புதுக் கட்டிடங்களுக்குக் கூரை ஓரத்தில் பூவேலை செய்யப் போனார். நான் பத்தாவது பரீட்சை எழுதி முடித்த மாதம்தான் அது நின்றது.

மலையைச் சாரும் மாணவர்களும் உருவாக்கினார்கள் என்று நீங்கள் அச்சடித்த வரியைத் திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அது என்ன விலைக்குப் போனது என்பதைக் கீழே சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது, முப்பத்தாறு மாதம். ஆயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.